பெயரிலிருந்து பங்குக்கு: தமிழ்த் திரையிசைக் கூட்டணிகளின் பிரிவும் பாட்டுரிமையும் (1952–2024)

முன்னுரை

ஒரே குழுவில் வாசித்து, ஒரே சோற்றைப் பகிர்ந்து வளர்ந்த இசைக்கலைஞர்கள் பிற்காலத்தில் முகம் பாராமல் போன கதைகள் தமிழில் ஏராளம். அவற்றைப் பற்றி எழுதியவர்களில் பலர் "யாருக்குத் தலைக்கனம், யார் முதலில் கோபித்துக்கொண்டார்" என்ற கேள்வியோடு நின்றுவிட்டார்கள். மனிதக் குணம் எல்லாக் காலத்திலும் ஒன்றுதான். ஆனால் சண்டைக்குக் காரணமாகும் பொருள் காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது. அந்த மாற்றமே இக்கட்டுரையின் ஆய்வுப் பொருள்.

1965இல் விஸ்வநாதனும் ராமமூர்த்தியும் பிரிந்தது, 1986க்குப் பின் இளையராஜாவும் வைரமுத்துவும் சேர்ந்து பணியாற்றாதது, 2017இல் இளையராஜா தரப்பு எஸ்.பி.பாலசுப்ரமணியத்துக்கு வக்கீல் நோட்டீஸ் அனுப்பியது ஆகிய மூன்று நிகழ்வுகள் இங்கே வரிசையாக ஆராயப்படுகின்றன. பாட்டு எந்த வழியில் பணம் ஈட்டுகிறதோ அந்த வழியிலேயே பூசலும் மூள்கிறது என்பது கருதுகோள். பாட்டு ஒருமுறை மட்டும் கூலி தந்த காலத்தில் சண்டை பெயரைச் சுற்றி நடந்தது. பாட்டு ஆண்டுக்கணக்கில் வருமானம் தரும் சொத்தானபோது பங்கைச் சுற்றி நடந்தது.

1. சுப்பராமன் குழுவில் பிறந்த இரட்டையர்

சி.ஆர்.சுப்பராமனின் வாத்தியக் குழுவில் திருச்சி டி.கே.ராமமூர்த்தி வயலின் வாசித்தார். பாலக்காட்டுப் பகுதியிலிருந்து வந்த எம்.எஸ்.விஸ்வநாதன் ஆர்மோனியம் வாசித்தார். 1952இல் சுப்பராமன் இளவயதில் மறைந்தபோது 'தேவதாஸ்' உள்ளிட்ட சில படங்கள் பாதியில் நின்றன. அவற்றின் மீதி வேலையை இருவரும் முடித்துக் கொடுத்தார்கள். அதே ஆண்டில் கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணனின் 'பணம்' படத்துக்கு இருவர் பெயரும் சேர்ந்தே வந்தது.

பம்பாயில் சங்கர்–ஜெய்கிஷன் இணை வெற்றி பெற்றிருந்த நேரம் அது. அதுபோல இங்கும் ஒரு இணை அமையட்டும் என்பது கலைவாணரின் யோசனை. ராமமூர்த்தி 1922இல் பிறந்தவர், விஸ்வநாதன் 1928இல். மூத்தவர் பெயர் பின்னாலும் இளையவர் பெயர் முன்னாலும் அமைந்தது. இந்த வரிசையை ராமமூர்த்தி ஏற்றுக்கொண்டார். எழுத்தில் எந்த ஒப்பந்தமும் தேவைப்படாத அளவுக்கு நட்பு இருந்தது. அந்த நட்பின் மேல்தான் 'பாகப்பிரிவினை', 'பாவமன்னிப்பு', 'பாசமலர்', 'நெஞ்சில் ஓர் ஆலயம்', 'கர்ணன்', 'காதலிக்க நேரமில்லை' என்ற வரிசை எழுந்தது. 1963இல் நடந்த பாராட்டு விழாவில் 'மெல்லிசை மன்னர்கள்' என்ற பட்டம் இருவருக்கும் ஒருசேரக் கிடைத்தது.

2. 1965: பிரிந்த பெயர்

'ஆயிரத்தில் ஒருவன்' 1965இல் வெளியானது. இருவர் பெயரோடு வந்த படங்களின் வரிசை அதோடு முடிந்தது. 'கலங்கரை விளக்கம்' விஸ்வநாதன் பெயரில் மட்டும் வந்தது. அடுத்த ஆண்டில் 'சாது மிரண்டால்', 'தேன் மழை' ஆகியவை ராமமூர்த்தி பெயரில் வந்தன.

இந்தப் பிரிவு நீதிமன்றம் ஏறவில்லை. பழைய பாட்டுகளில் யாருக்கு எவ்வளவு என்று இருவரும் கணக்குப் பார்க்கவும் இல்லை. அதற்குப் பெருந்தன்மையோடு பொருளாதாரக் காரணமும் உண்டு. அன்றைய இசையமைப்பாளருக்குப் படத்துக்கு இவ்வளவு என்று ஒரு தொகை பேசப்படும். அதைக் கொடுத்ததோடு கணக்கு முடிந்தது. இசைத்தட்டு விற்றாலும், இலங்கை வானொலி நாள்முழுக்க ஒலிபரப்பினாலும் மெட்டுப் போட்டவரை அந்த வருமானம் தேடி வருவது அரிது. பிரித்துக்கொள்ளப் பாட்டில் பணம் இல்லை. இருந்த ஒரே சொத்து பெயர்தான்: அடுத்த படத்தைப் பெற்றுத் தருவது டைட்டில் கார்டில் வரும் பெயர்.

அந்தச் சொத்து சமமாகப் பிரியவில்லை. விஸ்வநாதன் அதன்பின் நூற்றுக்கணக்கான படங்களுக்கு இசையமைத்தார். ராமமூர்த்தி 1966 முதல் 1986 வரையில் 16 படங்களுக்கு மட்டுமே இசையமைத்தார். 'நான்' படத்தின் பாட்டுகளைக் கேட்ட எவரும் அவருக்குத் திறமை குறைவு என்று சொல்ல மாட்டார்கள். ஆயினும் தயாரிப்பாளர்களுடன் பேசியவர், பாடகருக்கு மெட்டைப் பாடிக் காட்டியவர், ரசிகர்கள் கண்ணில் பட்டவர் விஸ்வநாதன். கூட்டுப் பெயர் உடைந்தபோது முன்னால் நின்றவரோடு சந்தை போயிற்று. கூட்டாகச் செய்த வேலையில் பின்னால் இருந்தவரின் பங்கை உலகுக்குச் சொல்ல ஒரு காகிதமும் இல்லை.

இருவரும் 1995இல் 'எங்கிருந்தோ வந்தான்' படத்துக்காக மறுபடி இணைந்தார்கள். 2012 ஆகஸ்ட்டில் அன்றைய முதலமைச்சர் ஜெயலலிதா இருவருக்கும் 'திரை இசைச் சக்கரவர்த்தி' பட்டம் தந்து, ஆளுக்கு 60 பொற்காசுகளும் காரும் வழங்கினார். அரசின் பரிசு அன்று சரிபாதியாக வந்தது. 2013 ஏப்ரலில் ராமமூர்த்தி மறைந்தார். 2015 ஜூலையில் விஸ்வநாதன்.

3. பம்பாயின் இரு முன்னோடிகள்

எந்த இணையைப் பார்த்துத் தமிழில் கூட்டணி அமைந்ததோ, அந்த இணைக்கும் பெயரால் வந்தது சோதனை. எந்தப் பாட்டு யாருடையது என்று வெளியே சொல்வதில்லை என்பது சங்கருக்கும் ஜெய்கிஷனுக்கும் இருந்த உடன்பாடு. 'சங்கம்' (1964) படப் பாட்டொன்று தன்னுடையது என்று ஜெய்கிஷன் வெளிப்படுத்தியதும் அது குலைந்தது. அவர்கள் உள்ளுக்குள் பிரிந்து வேலை செய்தாலும் பலகையில் கூட்டுப் பெயரே தொடர்ந்தது. 1971இல் ஜெய்கிஷன் இறந்த பிறகும் சங்கர் அந்தப் பெயரிலேயே இசையமைத்தார்.

மற்றொரு நிகழ்வு வரப்போகும் காலத்தை முன்பே காட்டியது. பாடகர்களுக்கும் ராயல்டியில் பங்கு வேண்டும் என்று லதா மங்கேஷ்கர் 1960களின் தொடக்கத்தில் கேட்டார். பாடியதற்குக் கூலி வாங்கியதும் பாடகரின் உரிமை தீர்ந்தது என்று முகமது ரஃபி கருதினார். இருவரும் சில ஆண்டுகள் சேர்ந்து பாடவில்லை. ரஃபியின் நிலைப்பாடு அன்றைய நடைமுறை. லதா கேட்டது சட்டமாக அரை நூற்றாண்டு பிடித்தது.

4. 1986: மெட்டும் சொல்லும்

'நிழல்கள்' (1980) படத்தில் தொடங்கிய இளையராஜா–வைரமுத்து கூட்டணி 'புன்னகை மன்னன்' (1986) படத்தோடு நின்றது. இதில் கூட்டுப் பெயர் இல்லை. இருவர் பெயரும் தொடக்கத்திலிருந்தே தனித்தனியாக இருந்தன. அதனால் பிரிவு ஒருவரையும் முடக்கவில்லை. இளையராஜா வேறு கவிஞர்களோடு தொடர்ந்தார். வைரமுத்து 'ரோஜா' (1992) வழியாக ஏ.ஆர்.ரகுமானோடு அடுத்த காலகட்டத்துக்குள் நுழைந்தார்.

இப்பிரிவு எழுப்பிய கேள்வி வேறு: பாட்டுக்கு உயிர் மெட்டா, சொல்லா? 1986இல் இது ரசிகர்களின் திண்ணைப் பேச்சு. 2024 ஏப்ரலில் அதே கேள்வி சென்னை உயர் நீதிமன்றத்திலேயே எழுந்தது. இளையராஜா பாட்டுகளின் உரிமை பற்றிய மேல்முறையீட்டில், பாடலாசிரியரும் உரிமை கோரினால் என்னவாகும் என்று நீதிபதிகள் கேட்டார்கள். இடைப்பட்ட காலத்தில் சட்டமும் சந்தையும் மாறியிருந்ததே இதற்குக் காரணம்.

5. சட்டம் மாறிய வழி

1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் சொல்லையும் இசையையும் தனித்தனிப் படைப்புகளாகவே பார்க்கிறது. ஆனால் 1977இல் இந்திய நிகழ்த்துரிமைச் சங்கத்துக்கும் கிழக்கிந்தியத் திரைப்படச் சங்கத்துக்கும் இடையிலான வழக்கில், பணம் கொடுத்துப் படத்துக்காகச் செய்வித்த இசைக்கு, மாறான ஒப்பந்தம் இல்லாதபோது, தயாரிப்பாளரே முதல் உரிமையாளர் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. நீதிபதி கிருஷ்ணய்யர் அதோடு தனிக் குறிப்பொன்றை எழுதி, பாடகரின் குரலுக்குச் சட்டத்தில் இடமில்லாத குறையைச் சுட்டிக்காட்டினார். 1994 திருத்தம்தான் நிகழ்த்துக் கலைஞருக்குத் தனி உரிமை வகுத்தது.

2012 திருத்தம் இன்னும் ஆழமானது. திரையரங்கில் படத்தோடு காட்டுவது தவிர்த்த பிற பயன்பாடுகளில், இசையமைப்பாளரும் பாடலாசிரியரும் சம பங்கு ராயல்டி பெறும் உரிமையை எழுதிக் கொடுத்தாலும் இழக்க முடியாது என்று அது ஆக்கியது. நிகழ்த்துக் கலைஞருக்கும் வணிகப் பயன்பாட்டில் ராயல்டி உண்டு என்றது. ஒலிநாடா, தனியார் பண்பலை, செல்பேசி அழைப்பிசை, வெளிநாட்டுக் கச்சேரி என்று பழைய பாட்டுகள் புதிதாகச் சம்பாதிக்கத் தொடங்கிய பிறகே இந்தத் திருத்தம் வந்தது.

இதே சட்டம் விஸ்வநாதன்–ராமமூர்த்தி விஷயத்தில் ஒரு விளைவைத் தருகிறது, அது கவனத்துக்குரியது. ஒருவர் பங்கு மற்றவர் பங்கிலிருந்து பிரித்தறிய முடியாத படைப்பைச் சட்டம் கூட்டுப் படைப்பு என்கிறது. அதன் ஆயுள், கடைசியாக மறைந்த படைப்பாளியின் இறப்பு ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள். அப்படியானால் இருவர் சேர்ந்து போட்ட மெட்டுகளுக்கு 2075 முடியும்வரை பாதுகாப்பு உண்டு. 1981இல் மறைந்த கண்ணதாசன் அதே பாட்டுகளுக்கு எழுதிய வரிகளின் பாதுகாப்பு 2041 முடிவில் தீர்ந்துவிடும். 1965இல் வெளியான ஒலிப்பதிவின் ஆயுளோ 2025 முடிவோடு தீர்ந்தது. நாம் ஒரே பாட்டு என்று கேட்பது சட்டத்தின் கண்ணில் மூன்று பொருள்கள். அவற்றில் மிக நீண்ட ஆயுள் கொண்டது, பிரிந்துபோன இருவரின் கூட்டுப் படைப்பு.

6. மேடையிலிருந்து நோட்டீஸ் வரை: 2017

திரையுலகில் பெயர் எடுப்பதற்கு முன் பாலசுப்ரமணியம் ஒரு மெல்லிசைக் குழுவை நடத்தினார். அனிருத்தா ஆர்மோனியமும், இளையராஜா கித்தாரும் பின்னர் ஆர்மோனியமும், பாஸ்கர் தாளக்கருவிகளும், கங்கை அமரன் கித்தாரும் வாசித்தார்கள். 'அன்னக்கிளி' (1976) வந்த பிறகு இடங்கள் மாறின: குழுவில் வாசித்தவர் இசையமைப்பாளரானார், குழுவை நடத்தியவர் அவருடைய முதன்மைப் பாடகர்களில் ஒருவரானார்.

2017 மார்ச்சில் பாலசுப்ரமணியம் தம் பாட்டு வாழ்வின் 50 ஆண்டு நிறைவையொட்டி அமெரிக்காவில் கச்சேரிகள் நடத்திக்கொண்டிருந்தார். இளையராஜா இசையமைத்த பாட்டுகளை அனுமதியின்றி மேடையில் பாடக் கூடாது என்று அவருக்கும் பாடகி சித்ராவுக்கும் மகன் சரணுக்கும் வக்கீல் நோட்டீஸ் வந்தது. அப்படியொரு சட்டம் இருப்பது தமக்குத் தெரியாது என்றும், சட்டம் என்றால் அதற்குக் கட்டுப்படுவதாகவும் அறிவித்து, அந்தப் பாட்டுகளை நிறுத்திவிட்டு மீதிக் கச்சேரிகளை அவர் நடத்தினார்.

அன்று தமிழ்நாடு இரண்டாகப் பிரிந்து வாதாடியது. வாதத்தின் பெரும்பகுதி நட்பைப் பற்றியது. உரிமையைப் பற்றி நிதானமாகப் பேசியவர்கள் குறைவு. மேடையில் பாடுவது பழைய ஒலிப்பதிவை ஒலிக்கச் செய்வதாகாது. மெட்டையும் வரியையும் புதிதாக நிகழ்த்துவதாகும். அதற்கு உரிமம் தேவை. அதைப் பெற வேண்டியவர் யார், எந்த அமைப்பிடம், யாருக்கு எத்தனை பங்கு என்பதற்குத் தெளிவான நடைமுறை இல்லாத இடத்தில்தான் நோட்டீஸ் ஒரு நண்பரின் கைக்குப் போய்ச் சேர்ந்தது. கல்யாணத்தில் பாடும் குழுவுக்குச் சட்டத்தின் 52ஆம் பிரிவு விலக்கு தருகிறது. அதே குழு டிக்கெட் விற்றுக் கச்சேரி செய்தால் விலக்கு இல்லை. இந்த வேறுபாட்டை அறிந்து மேடையேறும் குழுக்கள் எத்தனை?

இருவரும் 2019 ஜூனில் சென்னையில் ஒரே மேடையில் தோன்றினார்கள். 2020 செப்டம்பரில் பாலசுப்ரமணியம் காலமானார். சமாதானத்துக்கு ஓராண்டுக்குச் சற்று மேலான காலமே வாய்த்தது.

7. ஹார்டு ராக் தரும் ஒப்பீடு

1968இல் இங்கிலாந்தில் தொடங்கிய 'டீப் பர்ப்பிள்' குழு உட்பூசலுக்குப் பேர்போனது. பாடகர் இயன் கில்லனுக்கும் கித்தார் கலைஞர் ரிச்சி பிளாக்மோருக்கும் ஒத்துப்போகவில்லை. 1989இல் கில்லன் நீக்கப்பட்டார், 1992இல் திரும்பினார். 1993இல் சுற்றுப்பயணத்தின் நடுவிலேயே பிளாக்மோர் வெளியேறினார். 2016இல் ராக் இசையின் புகழ் மண்டபத்தில் குழு சேர்க்கப்பட்ட விழாவிலும் அவர் இல்லை.

இத்தனை பகைக்கு நடுவிலும் 'மெஷின் ஹெட்' (1972) தொகுப்பின் பாட்டுகளுக்கு வாசித்த ஐவரும் ஆசிரியர்களாகப் பதிவாகியிருக்கிறார்கள். முகம் பாராதவர்களுக்கும் பங்கு போய்ச் சேருகிறது. பெயர் விஷயத்திலும் அவர்கள் வழி தெளிவானது. 1980இல் முதல் பாடகர் ராட் எவன்ஸ் வேறு ஆட்களைச் சேர்த்து 'டீப் பர்ப்பிள்' என்ற பெயரில் மேடையேறியபோது வழக்கு நடந்து, 6,72,000 டாலர் இழப்பீடு விதிக்கப்பட்டது.

எழுத்தில் உள்ள பங்கு நட்பைக் காப்பாற்றவில்லை. ஆனால் நட்பு போன பின்னும் உழைப்பின் அடையாளத்தைக் காப்பாற்றியது. ராமமூர்த்திக்குக் கிடைக்காதது இதுதான்.

முடிவுரை

மூன்று காலகட்டங்களையும் வைத்துப் பார்த்தால் கருதுகோள் பெரும்பாலும் உறுதிப்படுகிறது. 1965இல் போனது பெயர். 2017இல் கேட்கப்பட்டது பங்கு. நடுவில் நின்ற 1986, மெட்டுக்கும் சொல்லுக்கும் உள்ள உறவை விவாதப் பொருளாக்கி, பிற்கால வழக்குக்கு விதை போட்டது. ஆகவே இந்தப் பிரிவுகளை அகந்தையின் வரலாறாக மட்டும் எழுதுவது அந்தக் கலைஞர்களுக்கு அநீதி. வேலைக்கு முன்பே பேசி எழுத வேண்டியதை எழுதாமல் விட்ட ஒரு தொழிலின் வரலாறும் அதில் இருக்கிறது.

இந்த எல்லாப் பூசலிலும் ஒரு தரப்பின் குரல் எழவே இல்லை. மெல்லிசை மன்னர்களின் பாட்டுகளில் பிலிப்ஸின் கித்தார், மங்களமூர்த்தியின் அக்கார்டியன், நோயல் கிராண்டின் டிரம்ஸ், நஞ்சப்பாவின் புல்லாங்குழல், சத்யத்தின் ஷெனாய் கேட்கின்றன. படத்தின் தலைப்பில் அவர்கள் பெயர் வருவது அபூர்வம். சட்டம் சொல்லும் நிகழ்த்துக் கலைஞர் என்ற வரையறைக்குள் கருவி வாசிப்பவரும் அடங்குவார். அந்த உரிமை கைக்கு வர வேண்டுமானால், எந்தப் பாட்டில் யார் என்ன வாசித்தார் என்ற பதிவு முதலில் இருக்க வேண்டும். பழைய ஒலிப்பதிவுகளில் வாசித்தவர்களில் எஞ்சியிருப்பவர்களிடம் கேட்டு அந்தப் பட்டியலைத் தயாரிப்பதும், இனி ஒவ்வொரு ஒலிப்பதிவிலும் அதை எழுதி வைப்பதும் பல்கலைக்கழக இசைத்துறைகளும் கலைஞர் சங்கங்களும் உடனே தொடங்க வேண்டிய வேலை.