ஏரி நீரைத் தெளிவாக்கி மீன்களைப் பட்டினியிடும் அயல் மட்டிகள்

நன்னீர் ஏரியொன்றின் நீர் சில ஆண்டுகளுக்குள் தெளிவடைவது நற்செய்தியாகத் தோன்றலாம். ஆனால், அமெரிக்கா - கனடா எல்லையில் உள்ள பேரேரிகளில் அத்தெளிவு, உணவுச் சங்கிலி சீர்குலைந்ததன் அடையாளமாக அமைந்தது. விரல்நகம் அளவுள்ள வரிக்குதிரை மட்டியும், அதன் நெருங்கிய இனமான குவாகா மட்டியும் இதற்குக் காரணமாயின.

கருங்கடல், காஸ்பியன் கடல் பகுதிகளைத் தாயகமாகக் கொண்ட வரிக்குதிரை மட்டி, 1988-ஆம் ஆண்டு செயின்ட் கிளேர் ஏரியில் கண்டறியப்பட்டது. சரக்கு இல்லாத கப்பல்கள் நிலைகுலையாமல் இருக்கத் தொட்டிகளில் நிரப்பப்படும் 'பேலஸ்ட்' நீருடன் அது வந்து சேர்ந்ததாக அறிவியலாளர்கள் கருதுகின்றனர்.

இரை பறிபோகும் விதம்

வளர்ந்த மட்டி ஒன்று நாளொன்றுக்குச் சுமார் 1 லிட்டர் நீரை வடிகட்டி, அதில் மிதக்கும் நுண்பாசிகளை உண்கிறது. ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஆயிரக்கணக்கான மட்டிகள் மொய்க்கும்போது, நுண்விலங்குகளுக்கும் அவற்றை நம்பியுள்ள மீன்குஞ்சுகளுக்கும் இரை குறைகிறது. மிச்சிகன் ஏரியில் இம்மட்டிகள் பெருகிய காலத்தில், 'டைபோரியா' எனும் இறால் போன்ற சிற்றுயிரின் எண்ணிக்கை பெருமளவு சரிந்தது. அதை உண்டு வாழ்ந்த 'ஒயிட்ஃபிஷ்' மீன்கள் மெலிந்தன.

உள்நாட்டு மட்டிகளின் ஓடுகள் மீதும் இவை அடர்ந்து ஒட்டிக்கொள்வதால், அவை உண்ணவும் நகரவும் இயலாமல் மடிகின்றன. தெளிந்த நீரில் சூரிய ஒளி ஆழமாக ஊடுருவுவதால், ஏரியின் அடியில் இழைப்பாசிகள் செழித்துக் கரையொதுங்கி அழுகுகின்றன. நச்சுத்தன்மை கொண்ட நீலப்பச்சைப் பாசியை இம்மட்டிகள் பெரும்பாலும் உண்ணாமல் உமிழ்ந்துவிடுவதால், அது பெருகவும் வழி ஏற்படுகிறது.

மனிதர்களும் பாதிப்பிலிருந்து தப்பவில்லை. 1989-ஆம் ஆண்டு மிச்சிகன் மாநிலத்தின் மன்ரோ நகரில், ஏரியிலிருந்து நீர் எடுக்கும் குழாய் அடைபட்டுக் குடிநீர் விநியோகம் தடைப்பட்டது.

தடுப்பே தீர்வு

பெண் மட்டி ஒன்று ஆண்டுக்கு 10 லட்சம் முட்டைகள் வரை இடக்கூடும். பெரிய ஏரியில் ஒருமுறை பரவிவிட்டால், அவற்றை முற்றிலும் அகற்றும் வழி இதுவரை இல்லை. எனவே, நுழைவைத் தடுப்பதே முதன்மையாகிறது. பேலஸ்ட் நீரைச் சுத்திகரித்த பின்னரே வெளியேற்ற வகை செய்யும் சர்வதேச உடன்படிக்கை, 2004-ஆம் ஆண்டு ஏற்கப்பட்டு, 2017 செப்டம்பர் 8-ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது.

இந்தியாவும் இத்தகைய சிக்கலை எதிர்கொண்டுள்ளது. தென் அமெரிக்கக் கடற்கரைகளைச் சேர்ந்த மற்றோர் அயல் மட்டி, கேரளத்தின் அஷ்டமுடிக் காயலிலும், தமிழகத்தின் எண்ணூர் - பழவேற்காடு உவர்நீர்ப் பகுதியிலும் பரவியுள்ளது. 'காக்கா ஆழி' என அழைக்கப்படும் இது, நீரடித் தளத்தைக் கம்பளம்போல் மூடிவிடுவதால் இறால் வளம் குன்றுவதாக எண்ணூர்ப் பகுதி மீனவர்கள் முறையிட்டு வருகின்றனர்.