பனிக்கட்டிக் கிடங்கிலிருந்து பிழைக்குறி வரை

நொச்சிக்குப்பத்தில் மீன் விற்கும் பெண்களைப் பார்த்திருப்பீர்கள். உடைத்த பனிக்கட்டியை மீனின்மேல் போட்டு வைத்திருப்பார்கள். பனிக்கட்டி குறைந்துவிட்டது என்பதை அவர்களுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. பெட்டியின் அடியில் ஒழுகும் நீரே சொல்லிவிடும். இன்றோ பல மாடி அலுவலகங்களில் குளிர்சாதனம் பழுதானால், சுவரிலுள்ள சிறு திரையில் ஓர் எழுத்தும் ஓர் எண்ணும் தோன்றுகின்றன. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள தொலைவு சுவையான வரலாறு ஆகும்.

குப்பத்திலிருந்து கடற்கரைச் சாலை வழியே வடக்கே சென்றால், ஐஸ் ஹவுஸ் என்று மக்கள் அழைக்கும் கட்டடத்தைக் காணலாம். இன்று அது விவேகானந்தர் இல்லம். பாஸ்டன் நகரத்து வணிகர் பிரெடரிக் டியூடர், அமெரிக்க ஏரிகளில் வெட்டிய பனிக்கட்டியைச் சேமிப்பதற்காக 1842-இல் கட்டியது. இதற்கு முன்பே, 1833-இல், அவரது பனிக்கட்டி கல்கத்தாவுக்கு வந்திருந்தது. ஏற்றியது ஏறக்குறைய 180 டன். நான்கு மாதக் கடற்பயணத்துக்குப் பின் இறங்கியது ஏறக்குறைய 100 டன். குறையைக் கண்டறியத் தராசு ஒன்றே போதுமாயிருந்தது!

பனிக்கட்டி வணிகம் போய்விட்டது. அதன் அளவு மட்டும் போகவில்லை. கடையில் ‘ஒன்றரை டன் ஏசி’ என்கிறோமே, அந்த டன் இயந்திரத்தின் எடை அன்று. 907 கிலோகிராம் பனிக்கட்டி 24 மணி நேரத்தில் உருகும்போது உறிஞ்சும் வெப்பமே ஒரு டன். ஒரு கிலோகிராம் உருக 334 கிலோஜூல் தேவை. பெருக்கி, ஒரு நாளின் 86,400 வினாடிகளால் வகுத்துப் பாருங்கள், சுமார் 3.5 கிலோவாட் வரும்.

ஆவியை அமுக்கிக் குளிர் உண்டாக்கும் இயந்திரத்துக்கு ஜேக்கப் பெர்க்கின்ஸ் 1834-இலேயே காப்புரிமை பெற்றிருந்தார். சென்னையில் 1874-இல் செயற்கைப் பனிக்கட்டித் தொழிற்சாலை ஏற்பட்டதும் கப்பல் பனிக்கட்டிக்கு மதிப்புக் குறைந்தது. ஆனால் இயந்திரத்தின் குறை கண்ணுக்குத் தெரிவதில்லை. மூடிய குழாய்களுக்குள் அல்லவா எல்லாம் நடக்கிறது? ஆகவே மெக்கானிக்குகள் இரண்டு அழுத்தமானிகளைப் பொருத்தினார்கள். குழாயைத் தொட்டுப் பார்த்தார்கள். கம்ப்ரசரின் ஓசையைக் கேட்டார்கள். நாடி பிடிக்கும் வைத்தியரைப் போல.

1982-இல் ஜப்பானின் டைக்கின் நிறுவனம் புதுமுறை ஒன்றைக் கொணர்ந்தது. வெளியே ஒரு பெரிய இயந்திரம். உள்ளே பல அறைகளில் பல சிறு கருவிகள். ஒவ்வொன்றுக்கும் வேண்டிய அளவே குளிர்பதனப் பொருள் செல்லும். வி.ஆர்.எஃப். என இன்று பொதுவாக அழைக்கப்படுவது இதுவே. ஒரே குழாய்த் தொகுதியில் பல கருவிகள் இருக்கும்போது எந்தக் குழாயை மெக்கானிக் தொட்டுப் பார்ப்பார்? எனவே அந்த வேலை தெர்மிஸ்டர்களிடமும் அழுத்த உணரிகளிடமும் ஒப்படைக்கப்பட்டது. சூடேற ஏறத் தெர்மிஸ்டரின் மின்தடை குறையும். மின்னணுப் பலகை அதை வெப்பநிலையாகக் கணக்கிடும். எல்லை மீறினால் குறியைக் காட்டும். டைக்கின் முறையில் ‘இ3’ என்றால் உயர் அழுத்த ஸ்விட்ச் இயங்கிவிட்டது. ‘யு4’ என்றால் உள், வெளிக் கருவிகளுக்கிடையே செய்தித் தொடர்பு இல்லை. மற்ற நிறுவனங்களின் குறிகள் வேறு.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். ‘இ3’ காட்டுவது காரணத்தை அன்று. வெளிச்சுருளில் தூசு அடைத்திருக்கலாம், விசிறி நின்றிருக்கலாம், வால்வு மூடியிருக்கலாம், குளிர்பதனப் பொருள் மிகுந்திருக்கலாம். காய்ச்சல் 102 டிகிரி என்று மட்டும் சொல்லும் வெப்பமானி போன்றதே குறி.

சாந்தோம் பக்கம் நண்பர் ஒருவரின் அலுவலகத்தில் நடந்ததைச் சொல்கிறேன். இயந்திரம் யாருடையது என்பது இங்கு முக்கியமன்று. செய்தித் தொடர்பு முறிந்ததாகக் குறி அடிக்கடி வந்தது. மின்னணுப் பலகையை மாற்றச் சொன்னார்கள். விலையைக் கேட்டு நண்பர் திகைத்தார். பிறகு வந்த வயதான மெக்கானிக் பெட்டியைத் திறக்கவே இல்லை. முதலில் காவலாளியிடம் ஒரு நோட்டைக் கொடுத்து, குறி வரும் நேரத்தை எழுதச் சொன்னார். ஒரு வாரத்துப் பதிவில் எல்லாமே காலை வேளை. வெயில் ஏறிய பின் ஒன்றுகூட இல்லை.

மழைக்காலத்தில் உப்பு ஜாடி கசிவதைக் கண்டிருப்பீர்கள். காற்றின் ஒப்பு ஈரப்பதம் சுமார் 75 விழுக்காட்டைத் தாண்டினால் உப்பு நீரை ஈர்த்துக் கரைசலாகும். கரைசலில் மின்சாரம் பாயும். மொட்டைமாடிப் பெட்டியில் கேபிள் நுழையும் துளை திறந்தே கிடந்தது. கடற்காற்று அதன் வழியே இணைப்பு முனைகளின்மேல் உப்புப் படலம் பூசியிருந்தது. காலை ஈரத்தில் இரு செய்திக் கம்பிகளுக்கிடையே மின்கசிவு. நண்பகலில் படலம் உலர்ந்ததும் எல்லாம் சரி. மின்சாரத்தை நிறுத்திவிட்டு மெக்கானிக் மீட்டரால் தடையை அளந்தார், காலையில் ஒரு முறை, பிற்பகலில் ஒரு முறை. இரண்டு அளவுகளையும் நண்பரிடம் காட்டிவிட்டு, முனைக்கட்டையை மட்டும் மாற்றி, துளையைப் புட்டி வைத்து அடைத்தார். அவ்வாண்டு ஐப்பசி மழை முழுவதும் கழிந்தது, குறி வரவில்லை. நோட்டை நண்பர் இன்னும் வைத்திருக்கிறார்.