இதயமும் உறக்கமும் நினைவும்

ஓசூர்ச் சாலை வழியே பெங்களூருக்குள் நுழையும் நம்மவர் நிமான்ஸ் நிலையத்தைக் கடந்தே வருகின்றனர். 1954இல் தொடங்கிய அகில இந்திய மனநல நிறுவனமும் பழைய மனநோய் மருத்துவமனையும் 1974இல் இணைந்து உருவானது அது. உறங்கும் மூளையின் மின்னலைகளையும் அங்கே ஆராய்கின்றனர். பன்னேர்கட்டா சாலையில் ஜெயதேவா இதய மருத்துவமனை. மூளைக்கு ஓரிடம், இதயத்துக்கு ஓரிடம், நோயாளியோ ஒருவரே!

இவ்விரண்டின் உறவைக் காட்டிக்கொடுத்தது மூச்சு. 1818இல் டப்ளின் மருத்துவர் ஜான் செயின், அறுபது வயது நோயாளி ஒருவரின் மூச்சு கால் நிமிடம் அறவே நிற்பதையும், பின்னர் மெல்ல எழுந்து, விரைந்து, மீண்டும் அடங்குவதையும் குறித்து வைத்தார். 1854இல் வில்லியம் ஸ்டோக்ஸ் அதனை இதய நலிவோடு தொடர்புபடுத்தினார். காரணம் பின்னரே விளங்கிற்று. நலிந்த இதயம் குருதியை மெதுவாகச் செலுத்துவதால், நுரையீரலின் நிலை மூளைக்குக் காலந்தாழ்த்தியே எட்டுகிறது. ஆதலின் மூளை ஒருகால் மூச்சை மிகையாக ஏவுகிறது. மறுகால் அடியோடு நிறுத்துகிறது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் உயிர்வளி குறைய, உறங்குபவர் தாமறியாமலே விழிக்கிறார். பகலில் கற்றதை மூளை பதித்துக்கொள்ளும் உறக்கம் துண்டுபடுகிறது.

தொண்டை அடைபட்டு மூச்சு நிற்பது வேறொரு வகை. குறட்டையே அதன் அறிகுறி. நாமோ அதை நல்ல உறக்கமென்று மெச்சுகிறோம்! இதற்கெனச் சிட்னி மருத்துவர் காலின் சல்லிவன் 1981இல் காற்றழுத்த முகமூடியை அறிவித்தார். இதயநோயும் பக்கவாதமும் கண்டவர்களிடம் நடந்த பெரிய ஆய்வொன்றின் முடிவு 2016இல் வெளிவந்தது. முகமூடி மாரடைப்பைத் தடுக்கவில்லை. பகல் தூக்கத்தைக் குறைத்தது, மனச்சோர்வைத் தணித்தது. எனவே மறதி கண்ட இதயநோயாளியை வயதின்மேல் பழிபோட்டு விட்டுவிடலாகாது. அவர் இரவில் எவ்வாறு மூச்சு விடுகிறார் என்பதை, அருகில் உறங்குபவரே மருத்துவரிடம் சொல்ல இயலும்.