யூரியாவும் வேம்பும்

ஏற்காட்டு ஒண்டிக்கடையில் பஸ் ஏறி, கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து சேலத்தில் இறங்குங்கள். அங்கிருந்து கிழக்கே ஆத்தூர், தலைவாசல் பக்கம் சென்றால், மக்காச்சோளக் கொல்லைகளைக் காணலாம். அங்கே உழவர் காசு கொடுத்து வாங்கி இடும் யூரியாவில் கணிசமான பங்கு பயிரைச் சேருவதே இல்லை. அது எங்கே போகிறது என்பதைக் கண்டறிந்த வரலாறு சுவையானது.

1828-ஆம் ஆண்டில் ஜெர்மானிய அறிஞர் வோலர், உயிருள்ள உடலில்தான் தோன்றும் என்று எல்லோரும் நம்பியிருந்த யூரியாவைச் சோதனைச்சாலையிலேயே உண்டாக்கினார். நூற்றுக்கு 46 பங்கு தழைச்சத்து கொண்ட பொருள் அது. தமிழ்நாட்டில் நெய்வேலி, மணலி, தூத்துக்குடி ஆகிய ஊர்களில் 1960-களிலும் 1970-களிலும் யூரியா ஆலைகள் எழுந்தன. மூட்டைகள் வந்தன, இழப்பும் உடன் வந்தது.

முதல் கசிவு காற்றுவழி. மண்ணில் உள்ள யூரியேஸ் என்னும் நொதி, ஈரம் பட்ட யூரியாவை அம்மோனியாவாக்குகிறது. மேலாக இறைத்த உரமாயின் அம்மோனியா ஆவியாய்ப் பறந்துவிடும். இந்த நொதியை 1926-இல் பளிங்காகப் பிரித்தெடுத்தவர் அமெரிக்கரான ஜேம்ஸ் சம்னர். இளமையில் வேட்டை விபத்தில் இடக்கையை இழந்தவர். அதுவோ அவருக்குப் பழகிய கை! நொதி ஒரு புரதமே என்று அவர் சொன்னபோது, பெரிய அறிஞர்கள் ஆண்டுக்கணக்கில் மறுத்தனர். 1946-இல் நோபல் பரிசு கிடைத்தது. அவர் அந்த நொதியை எடுத்தது நம் வேலிகளில் படரும் வாளவரைக்கு நெருங்கிய இனத்து விதையிலிருந்துதான்.

இரண்டாவது கசிவு நீர்வழி. மண்ணின் நுண்ணுயிர்கள் அம்மோனியத்தை நைட்ரேட்டாக மாற்றுகின்றன. மண் துகள்கள் நைட்ரேட்டைப் பிடித்து வைப்பதில்லை. மழைநீரோடு வேருக்குக் கீழே இறங்கிவிடும். நீர் தேங்கினால் அதில் ஒரு பகுதி நைட்ரஸ் ஆக்ஸைடு வாயுவாகிறது. அது கரியமில வாயுவைப்போல் ஏறத்தாழ 270 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும்.

இங்கேதான் வேம்பு வருகிறது. வேப்பம் புண்ணாக்கை எருவாக இடுவது நம் உழவர்க்குப் புதிதன்று. அதன் கசப்புப் பொருள்கள் அந்த நுண்ணுயிர்களை மந்தப்படுத்துவதை, புதுடில்லி வேளாண் ஆராய்ச்சிக் கழகத்து அறிஞர்கள் 1970-களில் ஆராய்ந்து காட்டினர். ஐந்து பங்கு யூரியாவுக்கு ஒரு பங்கு புண்ணாக்குக் கலந்து இடும் பரிந்துரையும் எழுந்தது. எனினும் நாடெங்கும் யூரியா முழுவதற்கும் வேப்பெண்ணெய் பூச வேண்டும் என்ற அரசு ஆணை வந்தது 2015-இல்தான். அதற்குப் பயிர் மட்டும் காரணமன்று. மானிய விலை யூரியா ஒட்டுப்பலகைப் பசைக்கும் பிற தொழில்களுக்கும் கடத்தப்படுவதைத் தடுப்பதும் நோக்கம்.

வேம்பு அடைப்பது இரண்டாவது ஓட்டையை மட்டுமே. முதல் ஓட்டைக்கு மருந்து மண்ணே: செடியருகே சிறு பள்ளமிட்டு, உரத்தை வைத்து மூட வேண்டும். மக்காச்சோளத்துக்குத் தழைச்சத்தை ஒரே முறையில் கொட்டாமல், விதைக்கும்போது கால் பங்கு, 25-ஆம் நாள் பாதி, 45-ஆம் நாள் எஞ்சிய கால் பங்கு எனப் பிரிப்பதும் இதற்காகவே.

சேர்வராயன் மலைமேல் கணக்கு சற்று மாறும். புளிப்பான மலை மண்ணில் அம்மோனியா அவ்வளவாகப் பறப்பதில்லை; பெருமழையும் சரிவும் நைட்ரேட்டைக் கொண்டு போய்விடும். கீழே சுண்ணாம்பு மிகுந்த நிலங்களில் முதல் எதிரி காற்று, மேலே மழை.