பதினோரு துண்டுகள்



கொஞ்சம் நீளமான பதிவு. காபியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள். இதில் பாதி வரலாறு. மீதி, என் மேல் நானே எழுதும் குற்றப்பத்திரிகை.

1984-ஆம் ஆண்டு. வேலைக்குச் சேர்ந்து மூன்று வருடம். ஒரு கிராமத்துப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். கண்டிப்புதான் நல்லாசிரியருக்கு அடையாளம் என்று நம்பிய வயது. ஒரு பையனின் அப்பா வளைகுடாவிலிருந்து விடுமுறையில் வந்தபோது ஒரு விண்கலப் பொம்மை வாங்கி வந்திருந்தார். நீலமும் சாம்பலுமாகச் சின்னச் சின்ன பிளாஸ்டிக் துண்டுகள். பொருத்தினால் ராக்கெட் ஆகும். உள்ளே உட்கார ஒரு குட்டி விண்வெளி வீரன். பையன் அதை வகுப்புக்குக் கொண்டுவந்துவிட்டான். கணக்குப் பாடம் நடக்கும்போது பெஞ்சுக்கு அடியில் வைத்து ஓட்டிக்கொண்டிருந்தான். பிடுங்கி பீரோவில் வைத்துப் பூட்டினேன். "முழுப் பரீட்சை முடிஞ்சு வாங்கிக்கோ" என்றேன்.

பரீட்சை முடிந்து பீரோவைத் திறந்தால் அட்டைப் பெட்டியைச் செல் அரித்திருந்தது. ராக்கெட் உடைந்து சிதறிக் கிடந்தது. கையில் அகப்பட்டதை ஒரு காகிதப் பையில் போட்டுக் கொடுத்தேன். ஒரு வார்த்தை பேசாமல் வாங்கிக்கொண்டு போனான். நானும் மறந்துவிட்டேன்.

இரண்டு வருடம் முன்பு நடந்த பழைய மாணவர் சந்திப்புக்கு அவனும் வந்திருந்தான். (ஐம்பது வயதுக்காரரை அவன் என்று எழுதுகிறேன். ஆசிரியருக்கு அந்த உரிமையைக் கொடுங்கள்.) காலில் விழுந்து எழுந்தவன் சிரித்துக்கொண்டே சொன்னான்: "சார், அந்த ராக்கெட் இன்னும் வீட்ல இருக்கு. பதினோரு பீஸ்தான் இல்ல." அவன் விளையாட்டாகத்தான் சொன்னான். ஆனால் பதினொன்று என்று எண்ணி வைத்திருக்கிறான் பாருங்கள், அது எனக்கு முள்ளாகத் தைத்தது. அவன் அப்பா காலமாகிப் பல வருடம் ஆகிறது என்பதும் அன்றைக்குத்தான் தெரிந்தது.

அந்தப் பதினோரு துண்டுகளைத் தேடப் போய்த்தான் இந்த வரலாற்றைப் படித்தேன்.

அது லெகோ பொம்மை. டென்மார்க்கில் பில்லுண்ட் என்ற சிற்றூரில் ஓலே கிர்க் கிறிஸ்தியான்சென் என்ற தச்சர் 1932-ல் மரப் பொம்மைகள் செய்யத் தொடங்கினார். உலகமே பொருளாதார மந்தத்தில் தவித்த காலம். வீடு கட்டும் வேலை கிடைக்காததால் பொம்மைக்கு வந்தவர். டேனிஷ் மொழியில் 'லெக் கொட்' என்றால் 'நன்றாக விளையாடு'. அதைச் சுருக்கியதுதான் லெகோ. 1942-ல் பட்டறை தீப்பிடித்து எரிந்தது. மீண்டும் கட்டினார். போருக்குப் பின் பிளாஸ்டிக் வார்க்கும் இயந்திரம் வாங்கினார். இங்கிலாந்தில் ஹிலரி ஃபிஷர் பேஜ் என்பவர் கிடிகிராஃப்ட் என்ற பெயரில் செய்துவந்த பிளாஸ்டிக் கட்டிகளைப் பார்த்து, அந்த வழியில் 1949-ல் தானும் கட்டிகள் செய்தார்.

அந்தக் கட்டிகளில் ஒரு குறை இருந்தது. அடிப்பக்கம் வெறும் குழிவு என்பதால் பிடிப்பு போதாது. மகன் கோட்ஃபிரட் அதற்குத் தீர்வு கண்டார்: மேலே குமிழ், உள்ளே குழல். மேல் கட்டியின் குழலும் சுவரும் கீழ்க் கட்டியின் குமிழை இறுக்கிப் பிடிக்கும். 1958 ஜனவரி 28-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்கள். அதே வருடம் மார்ச்சில் தந்தை இறந்துவிட்டார்.

அந்த 1958-ஆம் வருடக் கட்டியும் இன்றைய கட்டியும் ஒன்றோடொன்று பொருந்தும். குமிழுக்குக் குமிழ் 8 மில்லிமீட்டர். கட்டியின் உயரம் 9.6. தட்டையான துண்டு 3.2, மூன்று தட்டையை அடுக்கினால் ஒரு கட்டி உயரம். கணக்கு வாத்தியாருக்கு இதைவிட என்ன வேண்டும்? எட்டுக் குமிழ் உள்ள ஒரே நிறக் கட்டிகள் ஆறு இருந்தால் அவற்றை 91,51,03,765 விதமாகப் பொருத்தலாம் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். இது தெரிந்திருந்தால் அன்று பீரோவில் பூட்டாமல் அதை வைத்தே பாடம் நடத்தியிருப்பேன்.

சரி, தொலைந்த துண்டுகளுக்கு வருவோம். ஒரு பெட்டி சில வருடங்கள்தான் கடையில் இருக்கும். பிறகு நிறுத்திவிடுவார்கள். பிரிக்காத பழைய பெட்டிக்கு விலை ஏறிக்கொண்டே போகும். 2007-ல் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட துண்டுகளோடு வந்த விண்கலம் ஒன்று, மில்லேனியம் ஃபால்கன், நின்றுபோனதும் சாமானியர் தொட முடியாத விலைக்குப் போனது. அப்போது பலர் வேறு வழி பிடித்தார்கள். பெட்டி கிடைக்காவிட்டால் என்ன, துண்டு கிடைக்குமே! ஒவ்வொன்றாகச் சேர்த்தார்கள். வெளியே தெரியாத இடத்தில் கையில் இருந்த நிறத்தைப் போட்டு ஒப்பேற்றினார்கள். 2017-ல் நிறுவனமே 7,541 துண்டுகளில் அதைப் புதிதாகக் கொண்டுவந்தது.

இப்படிச் சேர்ப்பதற்கு ஒரு பட்டியல் வேண்டும். எந்தப் பெட்டியில் எந்தத் துண்டு, என்ன நிறம், எத்தனை? இதை எழுதி வைத்தவர்கள் பெரும்பாலும் ரசிகர்கள். வீட்டில் இருந்த பெட்டிகளைக் கொட்டி எண்ணி, செய்முறைத் தாள்களை ஸ்கேன் செய்து, சம்பளம் இல்லாமல் செய்த வேலை. ஆஸ்திரேலியாவின் ஜேம்ஸ் ஜெஸ்ஸிமன் 1995-ல் கணினியிலேயே கட்டிப் பார்க்க எல்டிரா என்ற மென்பொருளை உருவாக்கினார். இரண்டே வருடத்தில் இளம் வயதில் காலமானார். மற்றவர்கள் தொடர்ந்தார்கள். 2000-ல் டேனியல் ஜெசெக் என்ற இளைஞர், உலகெங்கும் உதிரித் துண்டு விற்பவர்களையும் வாங்குபவர்களையும் சேர்க்க ஓர் இணையச் சந்தை தொடங்கினார். முதலில் பிரிக்பே, பிறகு பிரிக்லிங்க். அவரும் 2010-ல் மறைந்தார். 2019-ல் லெகோ நிறுவனமே அந்தச் சந்தையை வாங்கியது.

எங்களிடம் பெட்டியும் இல்லை, எண்ணும் இல்லை. அவன் அனுப்பிய புகைப்படத்தை வைத்து என் பேத்திதான் கண்டுபிடித்தாள். பட்டியலோடு ஒப்பிட்டோம். சாம்பல் தட்டை 4, நீலச் சரிவுக் கட்டி 3, விளக்கு போன்ற வண்ணக் கண்ணாடித் துண்டு 2, வீரனின் தலைக்கவசம், முதுகில் மாட்டும் காற்றுக் கலன். அவன் சொன்ன கணக்கு சரி. துண்டின் அடியில் எண் பொறித்திருக்கிறது, பூதக்கண்ணாடி வேண்டும். இரண்டு குமிழ்த் தட்டைக்கு 3023, எட்டுக் குமிழ்க் கட்டிக்கு 3001. இப்போது எனக்கு மனப்பாடம்.

ஜெர்மனியில் இருக்கும் என் தங்கை மகன் வாங்கித் தந்தான். ஒரு கடையில் நான்கு, இன்னொன்றில் மூன்று. துண்டு சில காசு, தபால் செலவோ பல மடங்கு. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்!

முதலில் வந்த சாம்பல் தட்டைகள் சேரவில்லை. பொருந்தின, நிறம் சேரவில்லை. ஜன்னல் வெளிச்சத்தில் வைத்தால் புதியதில் நீலம் ஓடியது. விசாரித்தால், 2004 வாக்கில் நிறுவனம் தன் சாம்பல் நிறங்களையே மாற்றிவிட்டதாம். பழைய பெட்டிகளை மீண்டும் கட்டுகிறவர்கள் இன்றும் புலம்புவது இதைத்தான். மறுபடி 'பழைய சாம்பல்' என்று கேட்டு வாங்கினோம். தலைக்கவசம் இன்னும் சிரமம். அந்தக் காலக் கவசத்தில் தாடைப் பட்டி மெல்லியது. பெரும்பாலும் அங்கேதான் விரிசல் விடும். பின்னாளில் தடிமனாக்கினார்கள். விரிசல் இல்லாத மெல்லிய பட்டிக் கவசம் கிடைக்க ஐந்து மாதம் ஆனது.

போன மாதம் பதினொன்றையும் ஒரு சிறு டப்பாவில் போட்டு அவன் வீட்டுக்குப் போனேன். அவனும் அவன் மகனும் நானும் தரையில் உட்கார்ந்து கட்டினோம். அவன் ராக்கெட்டின் மஞ்சள் கண்ணாடி முழுக்கக் கீறலாக இருந்தது. "புதுசு கிடைக்கும்ப்பா, அதையும் வரவழைச்சிடலாம்" என்றேன்.

"வேண்டாம் சார். இது அப்பா வாங்கினது. இதுவே இருக்கட்டும்" என்றான்.

நான் கொண்டுபோன பதினொன்றைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. ஆனால் வீரனுக்குக் கவசத்தை அவனேதான் மாட்டினான்.

சக்கரத்தையும் மரத்தையும் மாற்றினாலும் தேர் அதே தேர்தான் என்கிறோம். அந்தக் கண்ணாடியைப் பார்த்த பிறகு, எல்லாத் துண்டுக்கும் அது பொருந்தாது என்று நினைக்கிறேன். தொலைந்ததற்கு மாற்று தேடலாம். இருப்பதை மாற்றச் சொல்ல எனக்கு உரிமை இல்லை.

செல்வங்களே, முப்பத்தாறு வருடத்தில் பம்பரம், கோலி, சினிமாப் பாட்டுப் புத்தகம் என்று எத்தனையோ பிடுங்கி வைத்திருக்கிறேன். திருப்பித் தராதது ஏதாவது இருந்தால் கூச்சப்படாமல் கீழே எழுதுங்கள். எண்ணிக்கையோடு.

அன்புடன்,
உங்கள் சார்