நானூறு வருஷப் புதுசு

மதுரையில் 'புதுசு' என்ற சொல்லுக்கு நானூறு வயசு ஆகப்போகிறது. மீனாட்சியம்மன் கோயில் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே திருமலை நாயக்கர் (1623–1659) கட்டிய வசந்த மண்டபத்தை ஊர் இன்னும் புது மண்டபம்னுதான் சொல்லுது. கோடை வெயிலில் சாமி வந்து இளைப்பாற, சுற்றிலும் தண்ணீர் தேக்கிக் குளிர்வித்த இடம். 1792இல் மதுரை வந்த ஓவியர்கள் தாமஸ் டேனியலும் வில்லியம் டேனியலும் இதை வரைந்தார்கள். வெள்ளைக்காரர்கள் வைத்த பெயர் 'சவுல்ட்ரி', அதாவது சத்திரம்.

எனக்கு இது தையல் மெஷின் சத்தம். அழகர் திருவிழா உடுப்பு, பஞ்சாங்கம், குங்குமம், குத்துவிளக்கு, வளையல், எல்லாமே நாயக்க மன்னர்களின் சிலைகளுக்குப் பக்கத்திலேயே. யாளிக்குக் கீழே உட்கார்ந்துதான் என் முதல் கால்சட்டைக்கு அளவெடுத்தார்கள். சிலைகள் மறைந்துபோனதும் உண்மைதான். கடைகளுக்குப் பின்னால் இருந்த சிற்பங்களை நான் பார்த்ததே இல்லை.

இப்போது கடைகளைக் குன்னத்தூர் சத்திர வளாகத்துக்கு மாற்றிவிட்டார்கள். ஆக, சத்திரத்திலிருந்து சத்திரத்துக்கு! கல்லுக்கு நல்லதுதான். ஆனா கோயில்ல இருந்து வெளிய வர்ற கால்கள்தான் அந்த வியாபாரத்தோட முதல். அதை யாரும் மாற்றித் தரலையே.

போன தடவை மகளுக்குப் பாவாடை தைக்கக் கிளம்பினோம். பழக்கத்துல என் கால் மண்டபத்துக்கே போச்சு.