டார்ப்பிடோவும் ஹெட்லைட்டும்

உங்கள் காரின் முகத்தில் ஒரு லாரி இடித்துவிட்டது என்று வையுங்கள். பம்பர், பானெட், ரேடியேட்டர் எல்லாம் மாற்றி, பெயின்ட் அடித்து, வண்டி பளபளவென்று வந்துவிட்டது. இன்ஷூரன்ஸ் பணமும் வந்தாச்சு. மூன்று வாரம் கழித்து, ஒரு மழை நாளில், ஹெட்லைட் மினுக்குகிறது. ஹாரன் அடித்தால் லைட் மங்குகிறது. மறுபடி கம்பெனிக்கு ஓடுகிறீர்கள். ‘‘சார், இது ஆக்ஸிடென்ட் இல்லை. எலெக்ட்ரிகல் பிரேக்டவுன். பாலிசியில கிடையாது!’’

இந்தச் சண்டை ஒன்றும் புதுசில்லை. நூறு வருஷத்துக்கு முன்பே இதைக் கோர்ட்டில் போட்டு முடித்துவிட்டார்கள். கார்க்காரர்கள் அல்ல, கப்பல்காரர்கள்.

1915, ஜனவரி 30. முதல் உலகப் போர். பிரான்ஸின் லெ ஹாவர் துறைமுகத்தை நெருங்கிக்கொண்டிருந்த ‘இகாரியா’ என்ற பிரிட்டிஷ் சரக்குக் கப்பலை, ஜெர்மனியின் யூ-20 நீர்மூழ்கி டார்ப்பிடோவால் அடித்தது. (அதே வருஷம் மே மாதம் லூசிடானியாவை மூழ்கடித்தாரே, அதே ஆசாமிதான்.) முன்பக்கம் பெரிய ஓட்டை. ஆனால், இகாரியா மூழ்கவில்லை. தட்டுத் தடுமாறித் துறைமுகத்துக்குள் வந்துவிட்டது. அப்பாடா என்று உட்காரும்போது புயல்காற்று. கப்பல் கரைச் சுவரில் டம் டம்மென்று மோத ஆரம்பித்தது. ‘இங்கே மூழ்கித் தொலைத்தால் துறை அடைபட்டுப்போகுமே’ என்று பயந்த அதிகாரிகள், வெளிப்பக்கமாகக் கொண்டுபோய் நிறுத்தச் சொன்னார்கள். அங்கே தண்ணீர் வற்றும்போது தரைதட்டி, ஏறும்போது மிதந்து, கடைசியில் தாங்காமல் மூழ்கியே போனது.

பாலிசியில் கடல் ஆபத்துக்குப் பணம் உண்டு. போரின் விளைவுகளுக்குக் கிடையாது. ‘‘மூழ்கடித்தது புயலும் தரைதட்டியதும்தான்’’ என்றார்கள் கப்பல் முதலாளிகளான லேலண்ட் கம்பெனியார். ‘‘இல்லை, டார்ப்பிடோ’’ என்றது இன்ஷூரன்ஸ் கொடுத்த நார்விச் யூனியன். 1918-ல் பிரபுக்கள் சபை தீர்ப்பு சொன்னது. கடைசியாக வந்தது எது என்று பார்க்காதே, உண்மையில் காரியத்தைக் கெடுத்தது எது என்று பார். அடிபட்ட நிமிஷத்திலிருந்து மூழ்கும்வரை அந்தக் கப்பல் டார்ப்பிடோவின் பிடியிலிருந்து மீளவேயில்லை. ஆக, கம்பெனிக்கு ஜெயம்.

கவனித்தீர்களா? இன்ஷூரன்ஸ் கம்பெனி ஜெயித்தது எந்த வாதத்தை வைத்தோ, அதே வாதம்தான் இன்று உங்களுக்கும் வேண்டியிருக்கிறது!

காரில் லாரி இடித்ததுதான் டார்ப்பிடோ. இடித்த வேகத்தில் ஒயர் கட்டு எங்கோ நசுங்கியிருக்கும். கனெக்டரில் மயிரிழை விரிசல். அன்றைக்கு எல்லா லைட்டும் எரியும். பிறகு மழைத்தண்ணீர் இறங்கி, பின்னில் பச்சை பூத்து, ஒரு நாள் தொடர்பு அறுந்துபோகும். இன்னொன்று, பட்டறையில் நடப்பது. பாடியோடு எர்த் ஒயரை முடுக்கும் இடத்திலும் சேர்த்துப் பெயின்ட் அடித்துவிடுவார்கள். பெயின்ட் மேல் எர்த் சரியாகப் பிடிக்காது. கேட்டால் ‘பேட்டரி வீக்’ என்பார்கள்.

நம் நாட்டுக் கார் பாலிசியில் தேய்மானத்துக்கும், மெக்கானிகல் அல்லது எலெக்ட்ரிகல் பிரேக்டவுனுக்கும் பணம் கிடையாது என்று இருப்பது நிஜம். தானாகக் கெட்டுப்போகிற டைனமோவுக்கு அது நியாயம். இடிபட்டதால் கெட்ட ஒயருக்கும் அதே வரியை நீட்டுவதுதான் அநியாயம். விதிவிலக்கைக் காட்டுகிற கம்பெனிதான் அது பொருந்தும் என்று நிரூபிக்க வேண்டும் என்று 2007-ல் நம் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. சர்வேயர் ரிப்போர்ட் வேதவாக்கு அல்ல என்று 2009-ல் சொன்னதும் அதே நீதிமன்றம்தான்.

ஆனால், சும்மா வாயால் சொன்னால் எடுபடாது. ஒயரைப் பிரிக்கும் முன்பே கம்பெனிக்கு எழுதி, மறு சர்வே கேளுங்கள். நசுங்கிய இடத்தைப் படம் எடுங்கள். ஸ்கேனரில் வந்த கோளாறு எண்களைத் தேதியோடு பிரின்ட் வாங்குங்கள். ‘இது இடியால் வந்தது’ என்று மெக்கானிக்கிடம் ஒரு வரி எழுதி வாங்குங்கள். அவர் தயங்குவார், விடாதீர்கள். கம்பெனி மறுத்தாலோ, ஒரு மாதம் வாய் திறக்காவிட்டாலோ, இன்ஷூரன்ஸ் குறைதீர்ப்பாளர் இருக்கிறார். கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம்.